தேனீப் பிசினும் இறங்கிய ஏ1சி எண்ணும்: பெங்களூரில் ஒரு நிகழ்வு ஆய்வு

பெங்களூர் அல்சூரில் வசிக்கும் 46 வயதுத் தமிழ்ப் பெண் ஒருவர், இரண்டாம் வகை நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டுக்கொண்டே, அக்டோபர் தொடக்கத்தில் புரோபோலிஸ் எனப்படும் தேனீப் பிசின் சாற்றைத் துளிகளாக எடுத்துக்கொள்ளத் தொடங்கினார். பதினான்கு வாரம் கழித்து அவருடைய ஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எண், 7.4-லிருந்து 6.6-க்கு இறங்கியிருந்தது. எடை ஏறத்தாழ அப்படியே இருந்தது. சாப்பாட்டில் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. மாத்திரையின் அளவும் கூடவில்லை. இவ்வளவையும் ஒரே தாளில் வைத்துப் பார்த்தால் பிசின்தான் வேலை செய்திருக்கிறது என்றே எவருக்கும் தோன்றும். அந்த இறக்கத்துக்குப் பிசின் காரணம் அல்ல என்று நான் முடிவுக்கு வந்ததையும், இடையில் அவருடைய உதட்டில் கண்ட வெடிப்புக்கு மட்டும் அதுவே காரணம் என்று உறுதியானதையும் இங்கே எழுதுகிறேன்.

உணவியல் ஆலோசகராக நான் பார்த்த, ஒன்றுக்கொன்று ஒத்த சில நிகழ்வுகளை ஒருவருடையதாகக் கோத்து, ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி இது எழுதப்பட்டிருக்கிறது. பரிசோதனை எண்கள் நிகழ்வின் போக்கை விளக்கும் அளவுக்கு அமைக்கப்பட்டவை. ஆய்வுகள், சட்டங்கள், பொதுப் புள்ளிவிவரங்கள் பற்றிய பகுதிகள் அவ்வாறு மாற்றப்படவில்லை.

தொடக்க நிலை

உயரம் 154 சென்டிமீட்டர், எடை 66 கிலோ, இடுப்புச் சுற்றளவு 91 சென்டிமீட்டர். உடல் நிறைக் குறியெண் 27.8, இந்தியர்களுக்கான வரையறையில் 25-ஐத் தாண்டினாலே உடல் பருமன் என்பதால் இதைக் கூடுதல் எடை என்று மென்மையாகச் சொல்லிவிட முடியாது. இரத்த அழுத்தம் 134/86. வெறும் வயிற்றுச் சர்க்கரை 128, இரத்தக் கொழுப்பு வகைகளில் ஒன்றான ட்ரைகிளிசரைடு 188, நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் 41. வளர்சிதை மாற்றக் கோளாறு என்று முடிவுகட்ட ஐந்து அளவுகோல்களில் மூன்று போதும். இவருக்கு ஐந்துமே பொருந்தின. எட்டு மாதங்களுக்கு முன்பு, இருமுறை எடுத்த வெறும் வயிற்றுச் சர்க்கரையும் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த அளவும் சேர்ந்து நீரிழிவை உறுதி செய்திருந்தன. அன்று முதல் மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம் காலையும் இரவும் எடுத்துவந்தார்.

இந்தக் கோப்பில் இன்னொரு தாளும் இருந்தது. கருப்பையில் நார்க்கட்டி இருந்ததால் மாதவிடாயில் இரத்தப்போக்கு மிகுதியாக இருந்தது; ஹீமோகுளோபின் 9.6, உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெர்ரிட்டின் வெறும் 6. பெண்கள் நல மருத்துவர் செப்டம்பர் கடைசியில் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து, அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காபி கூடாது என்றும் சொல்லி அனுப்பியிருந்தார். காலை நடை முடிந்ததும் அல்சூர் ஏரிக்கு அருகே உள்ள தர்ஷினி என்னும் சிற்றுண்டிக் கடையில் தோழியுடன் ‘பை-டூ’ காபி, அதாவது ஒரு காபியை இருவராகப் பங்கிட்டு, குடிப்பது இவருடைய வழக்கம். மாத்திரையை இரவுக்கு மாற்றிக்கொண்டாரே தவிர, காபியை விடவில்லை. அதுவே போதுமான ஏற்பாடுதான்.

ஆக, இரும்பு மாத்திரையும் தேனீப் பிசினும் ஒன்றன்பின் ஒன்றாகச் சில நாள் இடைவெளியில் தொடங்கின. இரும்பு மாத்திரை சர்க்கரை தொடர்பான மருந்தாக அவருக்குத் தோன்றாததால், என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோது அதைச் சொல்லவே இல்லை. கோப்பின் பின்பக்கத்திலிருந்து நான்தான் எடுக்க வேண்டியிருந்தது.

பாட்டிலில் இருந்தது

நாத்தனார் சொல்லி, ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் ஞாயிற்றுக்கிழமை இயற்கைச் சந்தையில் வாங்கிய 30 மில்லி பழுப்பு நிறச் சொட்டுப் பாட்டில் அது. மலைக்காட்டு நாட்டுத் தேனீயின் பிசின், பத்து சதவீதச் சாறு, ஆல்கஹாலில் கரைத்தது என்று ஒட்டுத்தாளில் இருந்தது. எந்த மரத்திலிருந்து வந்த பிசின், அதில் ஃபிளேவனாய்டு என்னும் தாவர வேதிப்பொருள் எவ்வளவு என்ற விவரங்கள் இல்லை. மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வரி மிகச் சிறிய எழுத்தில் இருந்தது. கூடவே கொடுத்த துண்டுத்தாளில் சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு மூன்றும் தீரும் என்று பெரிய எழுத்தில் இருந்தது. நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருந்துகள் சட்டம் தடை செய்கிறது. சந்தை மேசைகளில் இந்தச் சட்டத்தை யாரும் நினைத்துப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

தேனீப் பிசின் என்பது தேனீ தன் உடலில் சுரப்பது அல்ல. மர மொட்டுகளிலும் பட்டைக் காயங்களிலும் கசியும் பிசினைச் சுரண்டி எடுத்துவந்து, மெழுகோடு குழைத்து, கூட்டின் விரிசல்களை அடைக்கவும் உள்ளே செத்துக் கிடக்கும் பெரிய பூச்சியை அழுகவிடாமல் மூடிவைக்கவும் தேனீ பயன்படுத்துகிறது. ஏறத்தாழப் பாதி பிசின், முப்பது சதவீதம் மெழுகு, பத்து சதவீதம் ஆவியாகும் எண்ணெய்கள், மீதி மகரந்தமும் பிறவும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஆனால் அந்தப் பாதிப் பிசினில் என்ன இருக்கிறது என்பதை அந்தந்த ஊரின் மரங்களே முடிவு செய்கின்றன. ஐரோப்பாவிலும் சீனாவிலும் பெரும்பாலும் பாப்ளர் மரத்தின் மொட்டு. அதில் கிரைசின், கலாஞ்சின், பினோசெம்பிரின் போன்ற ஃபிளேவனாய்டுகளும் கேஃபீக் அமிலத்தின் எஸ்டர்களும் இருக்கும். பிரேசிலின் பச்சைப் பிசின் பக்காரிஸ் என்னும் புதர்ச்செடியிலிருந்து வருவது. அதன் முக்கியப் பொருள் ஆர்டிபில்லின்-சி. பெயர் ஒன்றாக இருந்தாலும் வேதியியலில் இவை இரண்டும் வேறு வேறு பொருள்கள். தேனீப் பிசினுக்காகக் கோரப்பட்ட உடல்நலப் பயன்களை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2010-இல் ஏற்க மறுத்ததற்கும், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதே போதிய அளவு வரையறுக்கப்படவில்லை என்பதுதான் காரணம்.

நாட்டுத் தேனீ என்ற சொல்லும் எனக்கு இடறியது. நம் ஊர் அடுக்குத் தேனீ, அதாவது ஏபிஸ் செரானா, பிசின் சேர்ப்பதே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவாகச் சேர்க்கும் இனம். நிறையச் சேர்ப்பவை பெட்டிகளில் வளர்க்கப்படும் இத்தாலியத் தேனீயும் சுவர்ப் பொந்துகளில் வாழும் கொட்டாத கொசுத்தேனீயும்தான். ஆகவே பாட்டிலில் இருந்தது வேறொரு தேனீயின் பிசினாக இருக்கலாம், அல்லது பிசினே அல்லாத மரச்சாறாகவும் இருக்கலாம். பாப்ளர் மொட்டுச் சாற்றையே தேனீப் பிசின் என்று விற்கும் கலப்படம் உலகச் சந்தையில் ஏற்கெனவே அறியப்பட்டதுதான். பின்னர் தோல் பரிசோதனையில் கிடைத்த விடை, இந்தப் பாட்டிலில் பாப்ளர் வகையைச் சேர்ந்த ஏதோ ஒன்று இருந்தது என்பதையே சுட்டியது.

எவ்வளவு உள்ளே போனது என்பதையும் கணக்கிட வேண்டியிருந்தது. காலையும் மாலையும் இருபது சொட்டு என்பது துண்டுத்தாளின் சொல். இருபது சொட்டு ஒரு மில்லி என்ற வாய்ப்பாடு தண்ணீருக்கு உரியது; ஆல்கஹாலின் பரப்பு இழுவிசை குறைவு என்பதால் அதன் சொட்டு சிறியது, ஒரு மில்லிக்கு நாற்பது சொட்டு அளவுக்கு வரும். அப்படியானால் நாளொன்றுக்கு நாற்பது சொட்டு ஒரு மில்லி. மாதத்துக்கு ஒரு பாட்டில். அவரும் மாதம் ஒரு பாட்டில்தான் வாங்கியிருந்தார், கணக்குப் பொருந்தியது. பத்து சதவீதச் சாறு என்பது உண்மையென்றே வைத்துக்கொண்டாலும், நாளுக்கு 100 மில்லிகிராம்தான். அதிலும் முதல் ஆறு வாரம் வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டுக் குடித்தார். சாறு தண்ணீரில் பட்டதும் பால்போல வெளுத்து, பிசின் எவர்சில்வர் டம்ளரின் விளிம்பில் மஞ்சள் பழுப்பாக ஒட்டிக்கொண்டது. விம் போட்டுத் தேய்த்தும் போகாததால் அந்த டம்ளரையே இதற்கென்று ஒதுக்கிவிட்டார். ஒட்டியது அவ்வளவும் வயிற்றுக்குப் போகாத மருந்து. ஏழாவது வாரத்திலிருந்து டம்ளர் வம்பே வேண்டாமென்று நேரே நாக்கில் விட்டுக்கொண்டார். இந்த மாற்றம் பின்னால் முக்கியமாகிறது.

ஜனவரியில் வந்த முடிவுகள்

ஜனவரி நடுவில் எடுத்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, “மேடம், மாத்திரையால ஆகாதது இதால ஆயிடுச்சு பாருங்க” என்றார். ஏ1சி 6.6. ட்ரைகிளிசரைடு 181, எச்டிஎல் 42, எடை 65.6 கிலோ, இரத்த அழுத்தம் முன்போலவே. ஹீமோகுளோபின் 12.1, ஃபெர்ரிட்டின் 34.

ஒரு எண் மட்டும் மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை 142 என்று இருந்தது. அக்டோபரில் இருந்த 128-ஐவிட அதிகம். மூன்று மாதச் சராசரி இறங்கும்போது காலைச் சர்க்கரை ஏறுவது நடக்கக்கூடாதது அல்ல, ஆனால் விளக்கம் கேட்கும் ஒன்று. கேட்டதில், நன்றாக இருக்கிறதே என்று டிசம்பர் கடைசியிலிருந்து இரவு மெட்ஃபார்மினை அவராகவே நிறுத்திவிட்டது தெரிந்தது. இரவு வேளை மெட்ஃபார்மின் கல்லீரல் விடியற்காலையில் குளுக்கோஸை வெளியிடுவதைக் கட்டுப்படுத்த உதவுகிறது; அதை எடுத்துவிட்டால் முதலில் ஏறுவது வெறும் வயிற்று அளவுதான்.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தது நல்லதாயிற்று. கருவியின் நினைவகத்தில் தேதியோடு அளவுகள் கிடந்தன. அக்டோபரின் முதல் இரண்டு வாரங்களில், உணவுக்கு முன்னும் பின்னும் உறங்கப்போகும் முன்னும் எடுத்தவற்றின் சராசரி 141. டிசம்பர் நடுவில், அதாவது இரவு மாத்திரையை விடுவதற்கு முன்பு, 139. ஜனவரியில் 151. ஏ1சி-யைச் சராசரிச் சர்க்கரையாக மாற்றுவதற்குப் பொதுவாக ஏற்கப்பட்ட சூத்திரம் ஒன்று உண்டு: எண்ணை 28.7-ஆல் பெருக்கி 46.7-ஐக் கழிக்க வேண்டும். 7.4 என்றால் 166, 6.6 என்றால் 143. அக்டோபரில் விரல்நுனி 141 என்று காட்டிக்கொண்டிருந்தபோது ஏ1சி 166 என்று சொல்லியிருக்கிறது. ஜனவரியில் இரண்டும் ஏறத்தாழ ஒரே இடத்துக்கு வந்துவிட்டன. இறங்கியது சர்க்கரை அல்ல. முதலில் மிகையாகக் காட்டிக்கொண்டிருந்த அளவுமானி சரியாகியிருக்கிறது.

ஏ1சி ஏன் மிகையாகக் காட்டியது

ஏ1சி நேரடியாகச் சர்க்கரையை அளப்பதில்லை. இரத்தச் சிவப்பணுவின் ஹீமோகுளோபினில் எவ்வளவு பங்கில் குளுக்கோஸ் ஒட்டியிருக்கிறது என்பதை அளக்கிறது. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. வயதாக ஆக அதன்மீது ஒட்டுவதும் கூடுகிறது. இரும்புச்சத்துக் குறைந்தால் புதிய சிவப்பணுக்கள் உருவாவது தளர்ந்து, ஓடிக்கொண்டிருப்பவற்றில் பழையவற்றின் பங்கு கூடிவிடுகிறது. சர்க்கரை அதே அளவில் இருந்தாலும் எண் உயர்ந்து தெரியும். இரும்பு மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் எலும்பு மஜ்ஜையிலிருந்து இளம் அணுக்கள் மொத்தமாக இறங்கும், அவற்றில் குளுக்கோஸ் ஒட்ட இன்னும் நேரமிருக்கவில்லை, எண் தாழும். சில வாரங்களுக்கு உண்மையைவிடச் சற்றுக் குறைவாகக்கூடக் காட்டலாம். உலக சுகாதார நிறுவனம் 2011-இல் நீரிழிவைக் கண்டறிய ஏ1சி-யை ஏற்றுக்கொண்டபோதே, அளவீட்டைப் பிறழச் செய்யும் நிலைகள் இல்லாதவர்களுக்கு என்ற நிபந்தனையோடுதான் ஏற்றுக்கொண்டது.

இது அரிதான சிக்கல் அல்ல. ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினர் இரத்தசோகை உள்ளவர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ‘ஐசிஎம்ஆர்-இண்டியாப்’ (ICMR-INDIAB) ஆய்வு 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல். இரண்டு கூட்டங்களும் சந்திக்கும் இடத்தில் இந்தப் பெண் போன்றவர்கள் நிறையப் பேர் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் இரும்பு மாத்திரை தொடங்கும் மாதத்தில் கருஞ்சீரகமோ வெந்தயமோ தேனீப் பிசினோ எதைத் தொடங்கினாலும், அந்தப் பொருளுக்கு ஒரு சான்று கிடைத்துவிடும். என் மேசைக்கு வரும் ‘எனக்குக் கேட்டது’ கதைகளில் எத்தனை இப்படிப்பட்டவை என்று நான் யோசிப்பதுண்டு.

இன்னொரு சோதனையாக ஃப்ரக்டோசமைன் எடுக்கச் சொன்னேன். இது சிவப்பணுவைச் சார்ந்ததல்ல. இரத்தப் புரதங்களில் ஒட்டிய குளுக்கோஸைக் கொண்டு முந்தைய இரண்டு மூன்று வாரத்தின் நிலையைச் சொல்வது. அல்புமின் அளவு சரியாக இருந்ததால் நம்பத்தக்கது. முடிவு 306, ஆய்வகத்தின் மேல் எல்லை 285. அதாவது, ஏ1சி நன்றாகிவிட்டது என்று சொன்ன அதே வாரத்தில் சர்க்கரை கூடியே இருந்தது.

ஆய்வுகள் சொல்வது

இதையெல்லாம் வைத்துத் தேனீப் பிசினால் எந்தப் பயனும் இல்லை என்று நான் எழுதினால் அதுவும் நேர்மையாகாது. ஆய்வுக்கூடத்தில் இதன் கேஃபீக் அமில எஸ்டர் அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகளை அடக்குவதும், தசைச் செல்கள் குளுக்கோஸை உள்வாங்குவதற்குத் துணைசெய்வதும் காணப்பட்டிருக்கின்றன. மனிதர்களிடம் குலுக்கல் முறையில் பிரித்து, வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகளும் உண்டு. ஈரானில் நாளுக்கு 900 மில்லிகிராம் வீதம் 12 வாரமும், வேறொரு குழு 1000 மில்லிகிராம் வீதம் 90 நாளும் கொடுத்துப் பார்த்தன. 2017-இலும் 2019-இலும் வெளியான இவ்விரு ஆய்வுகளிலும் ஏ1சி இறங்கியது. ஆனால் சீனாவில் பிரேசில் பச்சைப் பிசினை அதே 900 மில்லிகிராம் அளவில் 18 வாரம் கொடுத்து 2016-இல் வெளியான ஆய்வில், சர்க்கரையிலோ ஏ1சி-யிலோ வேறுபாடு தெரியவில்லை. ஆக்சிஜனேற்ற எதிர்ப்பைக் காட்டும் சில குறியீடுகள் மட்டும் மேம்பட்டன. ஜப்பானில் 2015-இல் வெளியான ஆய்வு நாளுக்கு 226.8 மில்லிகிராமை எட்டு வாரம் கொடுத்தது; இன்சுலின் எதிர்ப்பு மாறவில்லை, யூரிக் அமிலமும் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனும் மோசமாகாமல் நின்றன. ஒவ்வொன்றிலும் பங்கேற்றவர்கள் நூறு பேருக்கும் குறைவு.

இவற்றையெல்லாம் தொகுத்த ஆய்வுகள் சர்க்கரையில் சிறிய குறைவு இருப்பதாகவே சொல்கின்றன. நான் அதை ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டே படிக்கிறேன். பாப்ளரையும் பக்காரிஸையும் ஒரே தட்டில் போட்டுச் சராசரி எடுப்பது எந்தப் பொருளைப் பற்றிய முடிவு என்பது எனக்கு விளங்கவில்லை. எப்படியானாலும், அந்த ஆய்வுகளில் கொடுக்கப்பட்டது அளவு குறித்த மாத்திரை. நம் நோயர் குடித்தது ஏ1சி இறங்கியதாகச் சொல்லும் ஆய்வுகளின் அளவில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு, அதிலும் கொஞ்சம் டம்ளருக்கு. குலுக்கல் முறை ஆய்வில் இரும்பு மாத்திரை எடுப்பவர்கள் இரு குழுவிலும் ஏறத்தாழச் சமமாக விழுவார்கள், அதனால் அந்தக் குழப்பம் கழிந்துவிடும். ஒற்றை ஆளிடம் அப்படிக் கழிவதில்லை. ஈரான் ஆய்வின் முடிவை இந்த அம்மாவின் பாட்டிலுக்குச் சான்றாக எடுத்துவர முடியாததும், இவருடைய ஏ1சி-யை ஈரான் ஆய்வுக்கு ஆதரவாகச் சேர்க்க முடியாததும் இதனால்தான்.

உதடு

டிசம்பர் முதல் வாரத்தில் உதடு காய்ந்து, ஓரங்களில் அரிப்பெடுத்து, வாயைச் சுற்றி மெல்லிய சிவப்பு வளையம் தோன்றியது. பெங்களூரில் டிசம்பரில் உதடு வெடிக்காதவர் யார் என்பதால் அவர் கவலைப்படவில்லை. தேன்மெழுகு சேர்த்த உதட்டுப் பூச்சு ஒன்றை வாங்கித் தடவினார். வெடிப்பு ஆழமாகி, காரச் சட்னி பட்டால் கண்ணில் நீர் வரும் நிலைக்குப் போனது. சாற்றை நேரே நாக்கில் விடத் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் இது தொடங்கியிருந்தது; ஒவ்வாமை உருவாகத் தேவைப்படும் காலத்தோடு இது பொருந்துகிறது.

தோல் மருத்துவர் முதுகில் ஒட்டுச் சோதனை செய்தார். சந்தேகப்படும் பொருள்களை இரண்டு நாள் ஒட்டிவைத்து, எடுத்ததும் ஒருமுறையும் நான்காம் நாள் ஒருமுறையும் பார்ப்பது முறை. தேனீப் பிசின் வைத்த இடத்தில் சிறு கொப்புளங்களோடு சிவந்து தடித்திருந்தது. பெரு பால்சம் என்னும் வாசனை மரப்பிசின் வைத்த இடத்தில் அதைவிடக் குறைவாக. பாட்டிலில் இருந்த சாற்றை நீர்த்து வைத்த இடமும் சிவந்திருந்தது. வெறும் ஆல்கஹால் வைத்த இடம் சுத்தமாக இருந்தது. தேனீப் பிசின் 2019-இல் ஐரோப்பிய அடிப்படை ஒட்டுச் சோதனை வரிசையில் சேர்க்கப்பட்டதிலிருந்தே இந்த ஒவ்வாமை எவ்வளவு பரவலாகப் பேசப்படுகிறது என்பது தெரியும். பாப்ளர் வகைப் பிசினில் முக்கியமான ஒவ்வாமைக் காரணிகள் கேஃபீக் அமில எஸ்டர்கள். சர்க்கரைக்கு நல்லது என்று துண்டுத்தாள்கள் கொண்டாடும் அதே குடும்பம்தான் உதட்டையும் புண்ணாக்கியது.

உதட்டுப் பூச்சில் இருந்த தேன்மெழுகும் சந்தேகத்துக்குரியதே. மெழுகில் பிசின் கலந்து வருவது உண்டு. பெரு பால்சமோடு சில பொருள்களைப் பகிர்ந்துகொள்ளும் பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல் ஆகியவற்றால் சிலருக்கு ஒவ்வாமை மீண்டும் தலைதூக்கும் என்பதால், புண் ஆறும் வரை பிரியாணி வேண்டாம் என்றேன். சர்க்கரைக்காக நான் சொல்லியிருந்தால் இவ்வளவு உடனே கேட்டிருக்க மாட்டார்.

செய்தவையும் பின்தொடர்வும்

சாறு அன்றே நிறுத்தப்பட்டது. இரவு மெட்ஃபார்மினை அவருடைய மருத்துவர் திரும்பச் சேர்த்தார். ஃபெர்ரிட்டின் 34 என்பது இருப்பு நிரம்பிவிட்டதாகாது என்பதால் இரும்பு மாத்திரையும் தொடர்ந்தது. உணவில் நான் கைவைத்தது காலை வேளையில் மட்டும்: நான்கு இட்லி இரண்டாகக் குறைந்து, அவரைப் பருப்புக் கூட்டோ முட்டையோ கூடவே வந்தது. அது அவரைக்காய்ப் பருவம் என்பதால் தொடங்குவது எளிதாக இருந்தது. வாரத்தில் சில இரவுகள் சோற்றுக்குப் பதில் ராகிக் களி என்று அவரே சேர்த்துக்கொண்டார். களியும் மாவுச்சத்துதான், உருண்டையின் அளவு பெரிதானால் சோற்றைவிட லாபம் ஒன்றுமில்லை என்பதைச் சொல்ல வேண்டியிருந்தது.

மிச்சமிருந்த பாட்டிலைச் செயற்கை இதய வால்வுக்காக இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கும் அண்ணனுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். கூடாது என்றேன். மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகள் சிலவற்றைத் தேனீப் பிசின் தடுப்பது ஆய்வுக்கூடத்தில் காணப்பட்டிருக்கிறது. உடலில் அது எந்த அளவுக்கு நடக்கும் என்பதை அளவு நூல்பிடித்தாற்போல் நிற்க வேண்டிய அந்த மாத்திரையில் சோதித்துப் பார்ப்பதற்கில்லை. சிறுநீரகத்தைப் பற்றியும் அவரிடம் சொன்னேன். பிரேசிலில் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஓராண்டு கொடுத்தபோது சிறுநீரில் புரதம் குறைந்ததாக ஒரு சிறிய ஆய்வு உண்டு. தைவானில் பிரேசில் வகைப் பிசின் குடித்தவர் ஒருவருக்குச் சிறுநீரகம் செயலிழந்து, நிறுத்தியதும் தேறி, மறுபடி குடித்ததும் மோசமானதாக 2005-இல் வெளியான நோய்க்குறிப்பும் உண்டு.

உதடு மூன்று வாரத்தில் ஆறியது. ஏப்ரல் கடைசியில் எடை 63.8 கிலோ, வெறும் வயிற்றுச் சர்க்கரை 121, வீட்டு அளவுகளின் சராசரி 134, ட்ரைகிளிசரைடு 162, ஃப்ரக்டோசமைன் 284. ஹீமோகுளோபின் 12.4. ஏ1சி 6.7.

அந்தக் கடைசி எண்ணைப் பார்த்துவிட்டு, பிசினை விட்டதால் 6.6 ஏறிவிட்டது என்று முகம் சுருங்கினார். அவருக்குக் குளுக்கோமீட்டரின் நினைவகத்தைத் திறந்து, ஜனவரியின் 151-ஐயும் இப்போதைய 134-ஐயும் அடுத்தடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. ஒரே இரத்த மாதிரியை இருமுறை ஓட்டினாலேயே ஏ1சி 0.1 மாறலாம், அதோடு ஜனவரியின் 6.6 இளம் சிவப்பணுக்கள் நிறைந்திருந்த வாரங்களில் எடுத்தது, சற்றுத் தாழ்ந்தே வந்திருக்கும். ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். விரல்நுனி அளவுகளை எழுதிவைக்க ஒரு நோட்டு வாங்கிக்கொண்டார்.

இரத்த அழுத்தம் 136/86-லேயே நின்றதால் மருத்துவர் அதற்குத் தனியாக மாத்திரை தொடங்கியிருக்கிறார். நார்க்கட்டி இன்னும் அகற்றப்படவில்லை. இரத்தப்போக்கு தொடரும் வரை ஃபெர்ரிட்டின் மீண்டும் சரியக்கூடும், சரிந்தால் ஏ1சி மீண்டும் பொய்யாக ஏறும். ஆகவே ஏ1சி எடுக்கும் ஒவ்வொரு முறையும் அதே இரத்தத்தில் ஹீமோகுளோபினும் ஃபெர்ரிட்டினும் பார்ப்பது, ஃபெர்ரிட்டின் 30-க்குக் கீழே போயிருந்தால் ஏ1சி-யை ஒதுக்கிவிட்டு ஃப்ரக்டோசமைனையும் வீட்டு அளவுகளையும் கொண்டே மருந்தை முடிவு செய்வது என்று அவரும் மருத்துவரும் நானும் பேசி, கோப்பின் முன்பக்கத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம்.